முக்காட்டில் பிடித்த கடல்

“மோந்து பாரு டீச்சரு” என்று பிலோமினா அம்மா ஒரு வெள்ளைத் துணியை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் நண்டுக் குஞ்சு ஒன்றைப் பாதி வரைந்திருந்தேன். எதற்கும் வாய் மூடாத வகுப்பு அது. அன்றைக்கு எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிலோமினா அம்மாவைத் தெரியாதவர்கள் காசிமேட்டில் கிடையாது. கருவாடு மொத்த வியாபாரம். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டெல்லாவின் தலை மட்டும் தெரிந்தது. ஸ்டெல்லா என் வகுப்பு ஜெனிபரின் அக்கா. வருகிற திங்கட்கிழமை பிலோமினா அம்மாவின் மகனுக்கும் அவளுக்கும் கல்யாணம். அன்று வெள்ளி.

நான் மோந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம் லேசாக மணத்தது.

“நல்லாத்தானேம்மா இருக்கு?”

“அதான் கேக்கறேன். என் முக்காட்டுல எப்பிடி நல்ல வாசன வரும்? இது என்னுது இல்ல. மாத்திட்டீங்கோ. என்னுது எங்க? அது இல்லாங்காட்டி கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்ட்டேன்.”

மூன்றாவது பெஞ்சில் ஜெனிபரைக் காணோம். மேசைக்கு அடியில் போய்விட்டிருந்தாள்.

அந்த அம்மாவை அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு விஷயத்தைச் சொல்கிறேன். போன வாரக் கட்டுரையில் பள்ளி ஆண்டு விழாவில் மைக் வேலை செய்யாத கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், “நீங்கள் பாடம் நடத்தியதாக இதுவரை ஒரு வரிகூட வரவில்லையே, உண்மையிலேயே ஆசிரியைதானா?” என்று கேட்டிருக்கிறார். ரோஷமாக இருந்தது. ஆகவே இந்த வாரம் பாடம்தான். நடத்திய பாடம் எங்கே போய் நின்றது என்பதையும் அவர் சேர்த்தே படித்துக்கொள்ளட்டும்.

நெத்திலி எதைத் தின்னும்?

நான் வியாசர்பாடிக்காரி. ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவள். எனக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை, சுண்டல், செருப்பில் மணல். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பாதிப் பேர் வீட்டில் அப்பா கடலில் இருப்பார். மீதிப் பேரின் அப்பாவுக்கு ஹார்பரிலோ ரயில்வேயிலோ வேலை. மீன் பெயர் சொல்லச் சொன்னால் மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தத் திமிரில்தான் மாட்டினார்கள்.

“சுறா எதைத் தின்னும்?”

“வஞ்சிரம் மிஸ்!”

“வஞ்சிரம்?”

“கானாங்கத்த மிஸ்!”

“கானாங்கத்த?”

“நெத்திலி மிஸ்!” மொத்த வகுப்பும் ஒரே குரலில் கத்தியது.

“சரி. நெத்திலி எதைத் தின்னும்?”

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், “மண்ணு மிஸ்” என்றது. ஜெனிபர் எழுந்து, “அது ஒண்ணும் துன்னாது மிஸ். தண்ணியக் குடிச்சே வளந்துரும்” என்றாள். அவ்வளவு உறுதியாகச் சொன்னாள், எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தத் தண்ணியில்தான் இருக்கிறது சாப்பாடு என்று சொன்னேன். பாடப் புத்தகத்தில் மிதவை உயிரிகள் என்று போட்டிருப்பார்கள். பிளாங்டன் என்றால் எல்லாருக்கும் தெரியும். நீந்தி எதிர்த்துப் போகத் தெம்பில்லாமல், தண்ணீர் இழுக்கிற பக்கமெல்லாம் போகிற பொடி உயிர்கள். சிலது செடி ஜாதி, வெயிலைத் தின்று வளரும். சிலது விலங்கு ஜாதி, அந்தச் செடியைத் தின்று வளரும். நண்டும் இறாலும் மீனும்கூடக் குஞ்சாக இருக்கும்போது இந்தக் கூட்டத்தில்தான் மிதந்துகொண்டிருக்கும். இதுகள் இல்லையென்றால் நெத்திலி இல்லை. நெத்திலி இல்லையென்றால் மேலே யாருமே இல்லை.

சரவணன் கையைத் தூக்கினான். அவன் அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். “நான் எத்தினி வருசமா கடல்ல குளிச்சிக்கினு கீறேன். ஒருத்தன்கூட கண்ல மாட்லயே மிஸ்?”

“கண்ல மாட்டாதவங்கதான்டா கடலையே நடத்துறாங்க. நீ இழுக்குற ரெண்டு மூச்சுல ஒண்ணு மரம் குடுத்தது. இன்னொண்ணு இதுங்க குடுத்தது.”

அவன் யோசித்தான். “ராயபுரத்துல மரமே இல்லியே மிஸ். அப்போ நம்ம ஏரியாவுக்கு ரெண்டு மூச்சும் இதுங்கதான் சப்ளையா?”

இதற்கெல்லாம் புத்தகத்தில் பதில் போட்டிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கண்ணால் பார்க்காமல் என் பிள்ளைகள் எதையும் நம்புகிற ஜாதி இல்லை.

துணிப் போட்டி

பிளாங்டன் பிடிக்கிற வலைக்குக் கண் ரொம்பப் பொடியாக இருக்க வேண்டும். தண்ணீர் போய்விட வேண்டும், தூசி நிற்க வேண்டும். விலைக்கு வாங்க எங்கள் பள்ளிக்கு வக்கில்லை. “அவங்கவங்க வூட்ல இருக்கறதுலயே மெல்லிசான துணி கொண்டாங்க, யாரு துணி ஜெயிக்குதோ அத்தையே வலையாக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் எனக்கு வியாசர்பாடித் தமிழ் வந்துவிடும்.

மறுநாள் மேசை மேல் ஜவுளிக் கடையே விரிந்தது. கொசுவலை, தாவணி, மாவு சலிக்கிற துணி, யாரோ ஒருவனுடைய அப்பா லுங்கி. கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தோம். கொசுவலையில் மாவும் போனது, தண்ணீரும் போனது. லுங்கியில் இரண்டுமே போகவில்லை. அதைக் கொண்டுவந்த பையன், “எங்கப்பா லுங்கி ஸ்ட்ராங்கு மிஸ்” என்று பெருமைப்பட்டுக்கொண்டான்.

ஜெயித்தது ஜெனிபர் துணி. பால் வெள்ளை, பனி மாதிரி மெல்லிசு. ஓரத்தை மட்டும் உள்ளே மடித்து வைத்திருந்தாள்.

“ஏதுடி இது?”

“அக்கா குடுத்துச்சு மிஸ். பழசு.”

இரண்டுமே உண்மைதான் என்பது பிறகு தெரிந்தது. ஊசி நூலை எடுத்தேன். “தைக்காதீங்க மிஸ், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினா போதும்” என்றாள். கருவாட்டு வாசனை குப்பென்று அடித்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வகுப்பில் கருவாட்டு வாசனை வராத பொருள் சாக்பீஸ் ஒன்றுதான்.

ஒரு பழைய சல்லடையின் வளையத்தை வாயாக வைத்து, அடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி, நீளக் கயிறு போட்டோம். தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் அனுமதி வாங்கி, இரண்டு அம்மாக்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். கரையோரமாக நடந்துகொண்டே கயிற்றை இழுத்தோம். வலை தண்ணீருக்குள் புடைத்துக்கொண்டு வந்தது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். “இன்னா டீச்சர், எதுனா வுழுந்துச்சா?” என்று ஒருவர் கேட்டார். பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். அழுக்குத் தண்ணீர். அவர் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்.

மயிர் முளைத்த மாவீரன்

பள்ளியில் இருக்கிற ஒரே ஒரு மைக்ராஸ்கோப்பை சிஸ்டர் துண்டில் சுற்றி பீரோவில் வைத்திருப்பார். குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி வந்தேன். ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், அடேயப்பா! உடம்பு முழுக்க மயிர். பழுப்பு நிறம். வளையம் வளையமாக உடம்பு. வால் பக்கம் ஒரு கொத்துக் குடுமி.

வகுப்பு வரிசையில் நின்று பார்த்தது. எல்லாரும் படம் வரைந்தார்கள். ஒருத்தி சார்ட்டில் பெரிதாக வரைந்து, கீழே “கடலின் மாவீரன்” என்று எழுதிச் சுவரில் ஒட்டியும் விட்டாள். நானும் பூரித்துப்போய் நின்றேன்.

அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கடலில் மிதக்கிறவனுக்கு இத்தனை மயிர் எதற்கு? இந்த முகத்தை வேறு எங்கோ பார்த்திருக்கிறேனே? எங்கே என்று ஞாபகம் வந்ததும் வெட்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா கருவாட்டு டப்பாவைத் திறந்தால் அடியில் நெளிவானே, அவன்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கடலில் இறக்குவதற்கு முன்னால் துணியை ஒரு பக்கெட் தண்ணீரில் அலசியிருந்தோம்; அந்தத் தண்ணீர் கொஞ்சம் இன்னொரு பாட்டிலில் கிடந்தது. சரவணன் பாட்டில் மாற்றி அந்த அலசின தண்ணீரை என்னிடம் கொடுத்திருக்கிறான். ஏழாம் வகுப்பு மொத்தமும் பயபக்தியோடு பார்த்தது கருவாட்டு வண்டின் புழுவை.

சார்ட்டைக் கிழிக்க மனசு வரவில்லை. புழுவை ஸ்பிரிட்டில் போட்டு ஒரு சின்ன பாட்டிலில் வைத்தேன். அப்புறம் சரியான பாட்டிலைத் திறந்தோம்.

யாரும் பேசாத வகுப்பு

முதலில் பார்த்தவள் ஜெனிபர். குனிந்தவள் நிமிரவில்லை. “தள்ளுடி” என்று பின்னால் நெருக்கினார்கள். அவள் அசையவில்லை.

“மிஸ், இவனுக்கு நெஞ்சு அடிச்சிக்குது.”

நான் பார்த்தேன். கண்ணாடி மாதிரி ஒரு நண்டுக் குஞ்சு. உடம்பே இரண்டு பெரிய கறுப்புக் கண்கள்தான். தலையில் ஒற்றை முள். அந்த முள்ளுக்குக் கீழே பொட்டளவு இதயம் படபடவென்று துடித்தது. பக்கத்தில் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்ட பச்சைப் பெட்டிகள். வெயிலைத் தின்கிற செடி ஜாதி. குறுக்கே ஒருவன் இரண்டு மீசையையும் விரித்துக்கொண்டு குதித்துக் குதித்துப் போனான்.

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. நானும் எத்தனையோ வருஷமாகப் பிரம்பு காட்டி, மார்க்கைக் காட்டி, சிஸ்டரைக் காட்டிப் பார்த்தவள். இந்த அமைதி ஒருநாளும் கிடைத்ததில்லை. சரவணன் முறை வந்தபோது பார்த்துவிட்டு, “இவ்ளோ பேரு உள்ள இருக்கசொல்லோதான் நான் கடல்ல எச்ச துப்பிக்கினு இருந்தேனா” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்துகிற சாக்கில் துடைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் நீடித்தது மணி அடிக்கிற வரைக்கும்தான். ஜெனிபர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“மிஸ், அத்தக் கழுவிக் குடுங்க. சனிக்கெழம ஃபாதர் மந்திரிக்கணும்.”

“எதை?”

“எங்க அக்கா கல்யாண முக்காட்ட.”

பூந்திக்கொட்டை வைத்தியம்

மடித்திருந்த ஓரத்தை அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். லேஸ் வைத்த, முத்துக் கோத்த ஓரம். கோயிலில் மணப்பெண் தலையில் போடுகிற முக்காடு.

அதிலும் சாதாரண முக்காடு இல்லை. பிலோமினா அம்மா வீட்டில் ஒரு வழக்கம். மாமியார் கல்யாணத்தன்று போட்டுக்கொண்ட முக்காட்டைத்தான் மருமகளும் போட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்துக் கொடுப்பார். நிச்சயதார்த்தத்தில் ஊரைக் கூட்டி வைத்து அந்த அம்மா அதை ஸ்டெல்லா கையில் கொடுத்திருக்கிறார். அதுவரை அது இருந்தது கருவாட்டுக் கிடங்கின் பரண் மேல், ஒரு தகரப் பெட்டியில்.

அதை நான் துறைமுகத்துத் தண்ணீரில் இழுத்திருக்கிறேன். டீசல் வாசனை, மீன் செதில், பாசிக் கறை. இது தெரிந்தால் அந்தக் கல்யாணம் என்னால் நின்றுபோகும். எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்று பில் போடுகிற பெண் ஸ்டெல்லா. நானும் சயின்ஸ் படித்தவள், ஒரு துணியைக் காப்பாற்ற முடியாதா என்று வீம்பு வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்தேன். மெதுவாகக் கசக்கி, நல்ல தண்ணீரில் அலசி, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் முக்கி எடுத்து, நிழலில் உலர்த்தினேன். மூன்றாவது மாடிக் காற்று நன்றாக வேலை செய்தது. கறை போனது, டீசல் போனது. கூடவே கருவாடும் போனது.

எனக்கு ஒரே பெருமை. மடித்து ஜெனிபரிடம் கொடுத்து, “புதுசு மாதிரி ஆக்கிட்டேன், ஒருத்தருக்கும் தெரியாது” என்றேன். வெள்ளிக்கிழமை மந்திரிக்க எடுத்துப்போக வந்த பிலோமினா அம்மா அதை மோந்து பார்த்திருக்கிறார்; டீச்சர் துவைத்துக் கொடுத்தது என்று பெண் வீட்டில் சொன்னதை அவர் நம்பவில்லை.

வாசலில் நிற்கிறவர்

பிலோமினா அம்மாவை ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டேன். இப்போது உள்ளே கூப்பிடலாம்.

“இது உங்களுதுதாம்மா. நிரூபிக்கிறேன்” என்றேன்.

ஸ்பிரிட்டில் கிடந்த புழுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். “உங்க முக்காட்டுல இருந்து வந்தது. பாருங்க.”

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். பார்த்தவர் ஓரடி பின்னால் துள்ளியதில் பெஞ்ச் நகர்ந்தது.

“யம்மாடி! இவனா? எத்தினி மூட்டைய துன்னுருப்பான்! இவ்ளோ மயிரா இவனுக்கு?” சுவரில் இருந்த சார்ட் அப்போதுதான் கண்ணில் பட்டது. “இன்னாது, மாவீரனா? யாருடி எழுதினது?”

யாரும் எழுதவில்லை என்று வகுப்பு தலையை ஆட்டியது.

“சரி, என்னுதுதான்” என்று இறங்கி வந்தார். குரல் மட்டும் இறங்கவில்லை. “யாரைக் கேட்டு தொவச்சீங்கோ? எப்பிடி டீச்சரு கைக்கு வந்துச்சு?”

நான்தான் கேட்டேன் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டெல்லா முன்னால் வந்துவிட்டாள்.

“நான்தான் அத்த குடுத்தேன்.”

“நீயா?”

“தங்கச்சி மெல்லிசு துணி கேட்டுச்சு. எடுத்துக் குடுத்தேன். கிழிஞ்சா கிழியட்டும்னுதான் குடுத்தேன்.” அவள் முக்காட்டைக் காட்டினாள். “என்னால அந்த நாத்தத்தத் தலைல போட்டுக்கினு பூசைல நிக்க முடியாது அத்த. பெட்டியத் தொறந்தாலே எனக்குக் கொமட்டுது. உங்களாண்ட எப்பிடி சொல்றதுன்னு தெரியாம ராவெல்லாம் அழுதுகினு இருந்தேன். கல்யாணம் வேணான்னா வேணாம்னு சொல்லிருங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்.”

போச்சு என்று நினைத்தேன். சிஸ்டரைக் கூப்பிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

பிலோமினா அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். முக்காட்டை மடியில் போட்டுக்கொண்டு லேஸைத் தடவினார்.

“எம் மாமியாரு என் தலைல போட்டப்பவே இதே நாத்தந்தான்” என்றார். “அதுவும் கருவாட்டுக் கெடங்குல இருந்துதான் எடுத்தாந்துச்சு. பூசைல ஃபாதரு மூணு தபா தும்முனாரு. கல்யாண போட்டோல எம் மூஞ்சியப் பாரு, மூச்சப் புடிச்சிக்கினு நிப்பேன். எம் புருசன் இன்னிக்கு வரைக்கும் அது வெக்கம்னு நெனச்சிக்கினு கீறாரு.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஸ்டெல்லாவாகத்தான் இருக்க வேண்டும். சிரிப்பும் அழுகையுமாக அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். அந்த அம்மா உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஜெனிபர் மேசைக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தாள்.

“ஆன்ட்டி, அவன் கெட்டவன். நல்லவன் ஒருத்தன் கீறான், பாக்கறீங்களா?”

அன்று காலையில் சரவணன் அவன் அம்மாவின் துப்பட்டாவை வைத்து ஏதோ கொஞ்சம் பிடித்து வந்திருந்தான். நாலைந்துதான் தேறியது. அதில் ஒரு மீன் குஞ்சு இருந்தது. நூல் மாதிரி உடம்பு, எல்லாமே கண்ணாடி. கண் மட்டும் கறுப்பு.

பிலோமினா அம்மா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “இது இன்னா மீனு டீச்சரு? நெத்திலியா?”

“இந்த வயசுல எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நெத்திலியும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.”

“என்னியவே பாக்கறான்” என்றார்.

கோயில் வாசல்

திங்கட்கிழமை பூசைக்கு நானும் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு மொத்தமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தது. பிலோமினா அம்மாவே முக்காட்டை ஸ்டெல்லா தலையில் வைத்து ஊசி குத்தினார். குத்திவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு தடவை மோந்து பார்த்தார். எங்கள் வரிசை மூச்சு விடவில்லை. அவர் மகனைப் பார்த்து, “மல்லிப்பூ வாசனதான் வருது, பயப்படாத” என்றார். ஃபாதர் தும்மவில்லை.

போட்டோ எல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில் அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பின்னால் முக்காடு இல்லாத தலையோடு ஸ்டெல்லா நின்றாள்.

“வச்சிக்க டீச்சரு” என்று பையை என் கையில் திணித்தார்.

உள்ளே முக்காடு. நான் பதறிப்போய், “ஐயோ, இது உங்க குடும்பத்து...” என்றேன்.

“கெடங்குக்குப் போனா திரும்ப அந்த மயிரு புடிச்சவன் வந்துருவான். இவளுக்கு மருமக வர்றப்போ அந்தப் பொண்ணு அதுக்குப் புடிச்சத வாங்கிக்கட்டும். நீ இத்தப் புள்ளைங்க வலைக்கே வச்சிக்க. நல்லாத் தைச்சே வச்சிக்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். பிள்ளைகள் என்னைச் சுற்றி நிற்பதைப் பார்த்துவிட்டு விரலை நீட்டி, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“ஒண்ணு. பாத்து முடிச்சதும் எல்லாத்தையும் கொண்டுபோய்க் கடல்லயே ஊத்திரணும். ஒருத்தன்கூட பாட்டில்ல கெடந்து சாவக் கூடாது. நாளைக்கு அவன் வளந்து வந்தாதான் எம் பேரன் யாவாரம் பண்ண முடியும். இன்னா, புரிஞ்சுதா?”

ஆயுசு முழுக்க மீனை வெயிலில் காயப்போட்டு விற்ற அம்மா.

“புரிஞ்சுது ஆன்ட்டி” என்று ஏழாம் வகுப்பு ஒரே குரலில் கத்தியது. நான் மூன்று வாரமாக நடத்திய பாடத்தை அவர் பந்திக்குப் போகிற அவசரத்தில் நடத்தி முடித்துவிட்டார்.